பாக்கி

ஏழு ரூபாய் சில்லறை இல்லையென்று
ஏகப்பன் கடையில்
சீயக்காய் மூட்டைக்குப் பின்னாலிருந்து
எடுத்துக் கொடுத்த குட்டி.
பெயர் அப்படித்தான் வந்தது.
அரை வால். இடது காதில் ஒரு கிழிசல்.

இரண்டாம் சனிக்கிழமைகளில்
சாத்தையா வண்டி ஓட்ட,
அவர் காலடியில் மடித்த கூடாரம்,
நடுவில் கம்பிக்கூடையில் பாக்கி,
பின்னால் நான்,
தோளில் அரிசி, அடுப்பு, வறுத்த நெத்திலி டப்பா.
காரைக்குடி தாண்டும்வரை கத்தும்.
ரயில்வே கேட்டில் நிற்கிறவர்கள்
கொண்டுபோய் விடத்தான் போகிறோம்
என்று முடிவே கட்டிவிடுவார்கள்.
"கோணியில கட்டுங்க தாயி,
வழியப் பாத்துச்சுன்னா திரும்பி வந்துரும்."
திரும்பக் கூட்டிவரத்தான் கூட்டிப்போகிறோம் என்பதை
கேட் திறப்பதற்குள்
எப்படி விளக்குவது?

ஆத்தங்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை.
கூடாரத்து முளைகளை அடித்ததும்
பாக்கி ஒவ்வொன்றாய் முகர்ந்து வரும்.
நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள்.
வடக்கே கண்மாய்,
தெற்கே தைல மரம்,
கிழக்கே ஒற்றையடிப் பாதை,
மேற்கே எறும்புப் புற்று,
இந்த நான்கெல்லைக்குட்பட்ட இடம்
சர்வ சுதந்திர பாத்தியம் என்று
முளையில் கன்னம் தேய்த்துக் கையெழுத்துப் போடும்.
சாட்சி நாங்கள் இருவர்.

மாசியில் ஒருநாள்
இரவு இரண்டு மணிக்கு விழித்தால்
வார் மட்டும் கிடந்தது.
கண்ணி அவிழவில்லை, உருவிக்கொண்டு போயிருக்கிறது.
செல்போன் வெளிச்சத்தில் கரையோரம் நடந்தேன்.
புல்லுக்குள் மினுக்மினுக்கென்று நூறு கண்கள்.
எல்லாம் சிலந்தி.
டப்பாவைக் குலுக்கினேன்.
"பாக்கி... பாக்கி..."
தண்ணீர் வற்றிய கண்மாயில்
குரல் போய்த் திரும்பி வந்தது.

எதிர்க்கரையில்
நீலத் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஓர் ஆள்
வேட்டியை இறுக்கிக்கொண்டே எழுந்தார்.
"இந்நேரத்துல வந்து கேட்டா எப்புடிம்மா?
முட்டை வித்ததும் குடுத்துர்றேன்.
முதலாளிட்ட சொல்லுங்க."

வாத்து மேய்க்கிறவர்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
"அது எம் பூனை பேருண்ணே" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு அவசரமாய் விளக்கைத் தூக்கி
பட்டியைச் சுற்றி வலைக்குள் பார்த்தார்.
அறுநூறும் கழுத்தை முதுகில் சொருகித் தூங்கின.
அதன் பிறகுதான் என்னோடு தேட வந்தார்.

புதர் புதராய்க் கம்பால் தட்டிக்கொண்டே கேட்டார்,
"வீடு வாசல் இருக்குல்ல உங்களுக்கு?"
"இருக்கு."
"ஒழுகுதோ?"
"இல்லண்ணே. சும்மாதான்,
இங்கன வந்து படுக்கணும்போல இருக்கும்."
எட்டு மாதமாய்ச் சொந்த ஊர் பார்க்காதவர்
அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கால் முழுக்க நெருஞ்சி.
விடியக் கருக்கலில் கூடாரத்துக்குத் திரும்பினால்
வாயைத் திறந்தபடி சாத்தையா,
அவர் போர்வைக்குள் ஒரு மேடு.
மேட்டிலிருந்து அரை வால்.
எப்போது வந்ததோ,
நான் கிளம்பிய மறுநிமிடமோ,
இல்லை, வெளியே போகவே இல்லையோ.
நெத்திலி டப்பாவை ஒருமுறை குலுக்கினேன்.
ஒரு கண்ணைத் திறந்து
இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல் பார்த்தது.

காலையில் வாத்துகள் எங்களைக் கடந்து
அறுத்த வயலுக்குப் போயின.
வீட்டில் பல்லி, அணில், கேபிள்காரர்
யாரையும் விடாத பாக்கி
காதை மடித்து என் மடியில் ஒண்டிக்கொண்டது.
அறுநூறும் கடக்கும்வரை மூச்சுக்கூட விடவில்லை.
கடைசியாக வந்தவர்
நான்கு முட்டைகளைத் துண்டிலிருந்து எடுத்து வைத்தார்.
பணம் நீட்டினேன்.
"இருக்கட்டும்" என்றவர்
பூனையைப் பார்த்தார்.
"எழுதி வச்சுக்கங்க."

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
கூடையைக் கண்ட அதே ஆள்
பீடியை எறிந்துவிட்டுக் கிட்டே வந்தார்.
"திரும்பி வந்துருச்சா?"
ஆமாம் என்றேன்.
முட்டை உடைந்துவிடக் கூடாதென்று
மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.