நாலு பாகை

பரந்தன் சந்தியில் மீன்லொறியை மறித்துத்தான்
ஐஸ் எடுத்தோம்.
ஆஸ்பத்திரி மெஷின் பார்த்திருந்து அன்றைக்குப் பழுது.
பாரைகளுக்கு மேலிருந்து இரண்டு பாளம்
இடித்துத் தந்த பெடியன்
"என்ன மீன் மிஸ்?" என்றான்.
செபமாலை அண்ணன் கண்ணாடியைத் துடைத்தபடி
"உள்ளூர்" என்றார்.

மூன்று பை, ஒன்றுக்குள் ஒன்று.
நடுப்பையில்
பொற்றாசியத்தில் நின்றுபோன யசிதரன்,
முந்நூற்றுப் பத்துக் கிராம்.
மிச்ச யசிதரனைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்
நாங்கள் கேற்றைக் கடக்கையில்.
முறிகண்டிக்கு இப்பால் மாடு குறுக்கே வந்த இரவுக்கு
இன்றோடு மூன்று நாள்.

ஐஸ் நேரே பட்டால் தசை வெந்துபோகும்.
நாலு பாகை. நாலு மணித்தியாலம்.

கையெழுத்து வைக்க முன்னர்
தவமலர் அக்கா ஒன்றுதான் கேட்டா:
"அவனுக்குக் குளிருமோ தங்கச்சி?"
பேராதனையில் ஆறு வருசம் படித்த வாயில்
ஒரு சொல்லும் வரவில்லை.
இப்போது வருகிறது,
மடியில் பெட்டியோடு, கேட்க ஆளில்லாத வீதியில்.

அக்கா, இரணைமடுவை நினையுங்கோ.
இதயத் தசையின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும்
ஆயிரக்கணக்கில் குளங்கள்.
இழைமணி என்று புத்தகம் சொல்லும்.
கட்டுக்கு ஒரு பக்கம் ஏற்றி நிறைத்து
துருசால் விடுகிறபோது சில்லுச் சுற்றும்.
அந்தச் சுற்றுத்தான் உங்கட மகன்ரை துடிப்பு.

ஒட்சிசன் நின்றால் வாய்க்கால் வற்றும்.
வற்றினாலும் சும்மா கிடக்காது சில்லு,
பின்பக்கமாய்ச் சுற்றத் தொடங்கும்;
விதைநெல்லைத் தின்று கட்டைக் காக்கப் பார்க்கும்.
குளிர் செய்வது இவ்வளவுதான்:
தின்கிறதை மெல்லத் தின் என்பது.
நிறுத்தாது.
அதற்கும் கூலி கேட்கும்.
கட்டு இறுகிக் கசியும்,
கல்சியம் வரக்கூடாத இடத்தில் வந்து குந்தும்,
சக்சினேற்று எரியாத விறகாய்
அடுக்கடுக்காய்க் குவியும்.

குளிரில் சாவது கொஞ்சம்தான் அக்கா.
கூடச் சாவது சூடு திரும்புகிறபோது.
கவ்வியை எடுத்ததும் புது இரத்தம் பாய
குவிந்த விறகு முழுக்க ஒரே மூச்சில் பற்றும்;
காய்ந்து வெடித்த வாய்க்காலுக்கு
எல்லாக் கதவையும் ஒன்றாய்த் திறந்ததுபோல.
திரும்பி வருவதுதான் ஆபத்தான பகுதி.
வன்னியில் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஓடுபாதையில் தூசி.
பெட்டியை வாங்கிய விமானப்படைப் பெடியன்
மணந்து பார்த்துவிட்டு
"மாளு?" என்றான்.
நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
அதன் பிறகு
இரண்டு கையாலும் பிடித்தான்.

பதினொன்று நாற்பதுக்குக் கண்டியிலிருந்து அழைப்பு.
மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிசம்.
கவ்வி எடுத்து ஐந்து நிமிசம் வெறும் நடுக்கம்.
ஒரு ஷொக். பிறகு பிடித்தது.
வலப்பக்கம் இன்னும் சோம்பல்,
மெஷினில் வைத்திருக்கிறோம், நாளைக்குச் சொல்கிறோம்.
நாளைக்கும்
நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

ஒன்றை நான் அக்காவுக்குச் சொல்லவேயில்லை.
இழைமணிகள் தகப்பன்வழி வருவதில்லை.
அத்தனை குளமும் தாய் தந்தது,
அவளுக்கு அவளின் தாய்.
ஆரின் நெஞ்சிலோ இப்போது அரைகுறையாய்ப் பாய்வது
தவமலர் அக்காவின் தண்ணீர்.
எந்தப் பத்திரத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எட்டுச் செலவுக்குப் போனேன்.
ஆர், எவர் என்று அவ கேட்கவில்லை,
எனக்குச் சொல்லவும் ஏலாது.
தேத்தண்ணியை நீட்டிவிட்டு
"கண்டி இப்ப குளிரெல்லே?" என்றா.

"ஓம் அக்கா. ராவிலை கூட."

"மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கோ."