நான்காம் பத்தி

ராஃபிள்ஸ் பிளேஸில் இரண்டு மணிக்கு மழை.
மாட்ரிட்டில் அப்போது காலை எட்டு.
அங்கே ஒருவர் பதவி விலகி
அவர் காப்பிகூட இன்னும் ஆறவில்லை.
இங்கே இருபத்தாறாம் மாடியில்
அடுத்த தலைவர் யார் என்று
அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன்.

பெயர். தொகுதி. அனுபவம்.
நான்காம் பத்தி, வயது.
அதன் வயிற்றில் பிறந்த ஐந்தாம் பத்தி, வாய்ப்பு:
அதிகம், நடுத்தரம், குறைவு.

இனிகோ லராஞ்ஞாகா, முப்பத்தெட்டு.
பெகோஞ்ஞா உர்ருத்தியா, அறுபத்து நான்கு.
நடுவில் ஓர் ஐம்பத்தொன்று,
அவர் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தேன்,
யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு
ஸ்பெயினின் கடன்பத்திரங்களில் பணம்.
ஆளின் முகம் வேண்டாம்,
எத்தனை தேர்தல் தாங்குவார் என்று தெரிந்தால் போதும்.
கார் வாங்குகிற மாதிரிதான்.
இந்த ஊரில் காருக்குப் பத்து வருடம்,
அதற்குமேல் ஓட்ட
மறுபடி பணம் கட்ட வேண்டும்.

அறுபத்து நான்குக்கு நேரே
‘குறைவு’ என்று விரல் தானாக அடித்தது.

எனக்கு அறுபத்தாறு.
ஒவ்வொரு ஜூனிலும் மனிதவளத் துறையின் கடிதம் வரும்,
இன்னும் ஒரு வருடம், அதே மேசை,
கொஞ்சம் குறைந்த சம்பளம்.
பெயர் இளவழகி.
தஞ்சோங் பகாரில் மூட்டை எண்ணிய அப்பா
யாரோ மேடையில் பேசியதில் மயங்கி வைத்தது.
கூப்பிடும்போதெல்லாம் யாராவது
என் தலையைப் பார்த்துவிட்டுப்
பட்டியலை இன்னொரு முறை பார்க்கிறார்கள்.

அந்த நாட்டில் மூத்த தலைவர்களை
மேலவைக்கு அனுப்பிவைப்பார்கள்.
யானைகளின் இடுகாடு என்று அதற்குப் பட்டப்பெயர்.
நேற்று மாலை பழைய நாடாளுமன்றத்தின் எதிரே
சயாம் அரசர் தந்த வெண்கல யானையைக் கடந்தேன்.
தலையில் ஒரு மைனா,
அவைத்தலைவரைப் போல இருபுறமும் பார்த்து,
எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.
யானை நின்றுகொண்டிருந்தது.

உர்ருத்தியாவின் காணொளி வந்தது, பதினொரு விநாடி.
மைக்கை நீட்டிப் போட்டியிடுவீர்களா என்கிறார்கள்.
‘தோதவியா’ என்கிறார், கார் கதவைச் சாத்துகிறார்.
இருபது வருடமாக அந்த மொழி எனக்குச் சோறு போடுகிறது.
தோதவியா என்றால் இன்னும்.
இன்னும் இருக்கிறேனா, இன்னும் முடிவு செய்யவில்லையா?
தமிழிலும் அந்தச் சொல் அங்கேயே நிற்கிறது,
ஒரு காலை உள்ளே வைத்து.

மூன்று மணிக்கு ஜியா வென் வந்தாள்.
என் மேலதிகாரி, வயது முப்பத்திரண்டு.
வரைவைப் படித்தாள்.
‘வயதை வைத்தா குறைவு என்று போட்டீர்கள்?
வேறு ஆதாரம்?’
வேறு ஆதாரம் இல்லை.
சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தேன்.

நாலு மணிக்கு அவளுக்கு ஜூரிக்கோடு கூட்டம்.
கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.
பார்வைக் கோளாறு அவளுக்குக் கிடையாது.
முதல் கூட்டத்தில்
தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்களாம் அவளிடம்.
தீர்ப்புச் சொல்லப் பொய்நரை சூடிக்கொண்ட
சோழச் சிறுவனைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறேன்.
அவன் நரையைக் கழற்றிய பிறகு
வழக்காளிகள் என்ன சொன்னார்கள்
என்று பாடத்தில் இல்லை.

‘குறைவு’ என்பதை அழித்தேன்.
‘இன்னும்’ என்று அடித்தேன்.
பட்டியலில் இல்லாத மதிப்பு என்றது கணினி,
சிவப்பில்.

மூன்று பேருக்கும் ‘நடுத்தரம்’ போட்டேன்.
கோழைத்தனம்தான்.
ஐந்து மணிக்கு அறிக்கை போய்விட்டது.

கூட்டம் முடிந்து ஜியா வென்
கண்ணாடியை என் மேசையில் மறந்துவிட்டுப் போனாள்.
போட்டுப் பார்த்தேன்.
மழையில் அதே கடல், அதே கப்பல்கள்,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
மூக்கில் மட்டும்
கொஞ்சம் அழுத்தியது.