அடைத்த அறை

பதினான்கு நாவல்களில் ஒன்றிலும்
ஸினோவி ப்ரோன்ஸ்கின் எழுதியதில்லை
எதிர்காலத்தில் இத்தனை வெயில் இருக்குமென்று.
அவருடைய கிரகங்கள் குளிரானவை.
லெனின்கிராடில் ஐந்து குடும்பங்களின் சமையலறையில்
ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து எழுதியவை.

ஹைஃபாவில் கிடைத்தது
ஒரு கார் நிறுத்தத்தின் இரவுக் காவல்.
எபிரேயத்தில் தெரிந்தது நாற்பது சொற்கள்,
அதில் பதினொன்று டயர் சம்பந்தப்பட்டவை.
வலமிருந்து இடமாக ஓடும் பெயர்ப்பலகைகளைப் பார்த்து
'காலம் பின்னோக்கிப் போகிறது,
இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்' என்பார்.
ரிம்மா அப்போது
தக்காளியின் விலையை ரூபிளில் கணக்கிட்டுக்கொண்டிருப்பாள்.

புறப்படும்போது சுங்கத்தில்
ஒன்பது தாள்களை எடுத்துக்கொண்டார்கள்.
சமோவாரை விட்டுவிட்டார்கள்.

ஜனவரி. சைரன்.
ஒரே வீட்டுக்குள் குடியேறிய இரண்டு குடும்பமும் ஓர் அறைக்குள்.
கதவிடுக்கில் ஈரத்துணி,
ஜன்னலுக்குப் பாலித்தீன், பழுப்பு டேப்,
எல்லோருக்கும் ரப்பர் முகம், மூக்குக்குக் கீழே தகர டப்பா.
அவருடைய மூன்றாம் நாவல், நாற்பதாம் பக்கம், அப்படியே.
பிழை ஒன்றுதான்:
அதில் யாருக்கும் மூக்கு அரிக்கவில்லை.

யெஃபீம், கார்கோவில் கொதிகலன் மெக்கானிக்,
மகளின் நடுக்கத்தை நிறுத்தக் கதை சொல்கிறான்
குடத்துக்குள் பேசுவதுபோல்.
பனி நிலவுக்குப் போன கப்பல். எரிபொருள் தீர்ந்தது.
பூமியே கைகழுவிய பிறகு
கப்பல்தலைவன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான்.
மேசையில் சூப் இன்னும் ஆறவில்லை.
'எழுதியவன் பெயர் மறந்துபோச்சு.
பள்ளிக்கூடத்தில் படித்து மூன்று தடவை அழுதிருக்கிறேன்.'

ஸினோவி எழுதியதில் தலைவன் வரவில்லை.
அவனை அழைத்து வந்தது தோழர் லப்ஷீனா,
பதிப்பகம், இரண்டாம் மாடி, சிவப்புப் பென்சில்:
*சோவியத் மனிதன் திரும்பி வருவான்.*
வெட்டப்பட்ட ஒன்பது பக்கங்களுக்காக
முப்பது வருடம் அவளைச் சபித்திருக்கிறார்,
பல் துலக்கும்போதுகூட.

எங்கோ மலைச்சரிவில் ஏதோ விழுந்தது.
பாலித்தீன் ஒருமுறை உள்ளே மூச்சிழுத்து
வெளியே விட்டது.

'நிஜமாவே வந்தானா?' சிறுமி கேட்டாள்,
அப்பாவை அல்ல, அவரைப் பார்த்து.

அவருடைய கண்ணாடி வட்டங்கள் இரண்டிலும் ஆவி.
ரிம்மா அவர் முழங்காலில் கை வைத்தாள்,
அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

'வந்தான்' என்றார்.
'சூப்பில்தான் உப்பு இல்லை.
அதை அவன் கடைசிவரை
யாரிடமும் சொல்லவில்லை.'