கால்நாட்டு

என் வங்கிக்குக் கதவு கிடையாது.
ஒரு மஞ்சள் குடை, இரண்டு போன்,
பிஸ்கட் டப்பாவில் சில்லறை,
அடியில் சதா கசியும் ஓர் ஓட்டை.
துடுப்புப் போட்டால் திறந்துவிடும்.

நோக்குவே ஏரியில் எங்கள் ஊர்
தண்ணீருக்குள் கால் நட்டு நிற்கிறது.
பள்ளிக்கூடம், மாதா கோயில், மருந்துக்கடை,
பன்றிக்கொட்டில்கூட மரக்காலில்தான்.
டவர் மட்டும் கரையில்.
தெற்குக் காற்றில் மூன்று கோடு காட்டும்,
ஆகாயத்தாமரை அடைக்கும் மாதங்களில்,
ஏனோ தெரியவில்லை, ஒன்று.

எங்கள் ஆண்கள் மரக்கிளைகளை ஏரிக்குள் நட்டு
இது உன் வீடு என்று மீனை நம்பவைக்கிறார்கள்.
நானும் ஒரு கிளைதான்.
கம்பெனி நட்டது.

போன மாதம்வரை
நாற்பத்து மூன்று குடும்பங்களின் ரகசிய எண்
என் தலைக்குள் இருந்தது.
கூடாதுதான். பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள்.
"என் நம்பர் என்ன, ஹுவேஃபா?" என்று
மறந்தவர்கள் வேறு யாரிடம் போவார்கள்?
ஸானு தன்னுடையதைப் பாட்டாகவே பாடுவார்,
எதிர்க்கரை மாடு திரும்பிப் பார்க்கும்.

அப்புறம் அப்டேட் வந்தது,
இரவோடு இரவாக, யாரையும் கேட்காமல்:
பணம் எடுக்க இனி எண் வேண்டாம்.
விரல் போதும்.

சிரித்துக்கொண்டேன்.
வரிச்சீட்டில் கட்டைவிரல் உருட்டியவர்களைப் பார்த்துக்
கைநாட்டு என்று உதடு சுழித்த குமாஸ்தாவின் பேரன்
இன்று கோட்டோனூவில், ஏசி அறையில்,
கட்டைவிரலை அழுத்தித்தான் போனைத் திறக்கிறான்.
உலகமே கைநாட்டு.

அக்குவாவி வந்தாள், புகைநாற்றத்தோடு.
லிப்ரவீலில் வீட்டுவேலை பார்க்கும் மகள்
பதினெட்டாயிரம் பிராங்க் அனுப்பியிருக்கிறாள்.
கட்டைவிரல் வைத்தாள்.
மறுபடி, என்றது.
துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி.
ஆள்காட்டி. மறுபடி.
மற்றக் கை,
மறுபடி மறுபடி.

இருபத்தாறு வருஷம் செதில் சுரண்டிய விரல்.
சூட்டடுப்பில் மீன் புரட்டிய விரல்.
பிடித்துப் பார்த்தேன், கைமாறித் தேய்ந்த
பழங்காசு மாதிரி வழவழவென்று இருந்தது.
ரேகை என்று ஒன்றில்லை.

"நான் நானில்லை என்கிறதா?"
"முப்பது நொடி கழித்து வரச்சொல்கிறது."

உதவி எண்ணைக் கூப்பிட்டோம்.
மனுஷியா மெஷினா என்று பிரிக்கமுடியாத ஓர் இனிமை
கைக்கு கிரீம் தடவச் சொன்னது.

பின்னால் படகுகள் சேர்ந்துவிட்டன.
தக்காளிக்காரி துடுப்பால் என் படகைத் தட்டினாள்.
பலூனுக்குள் போட்டு முடிந்த போனை
பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்த ஸானு
"காலை வையேன்!" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.

அக்குவாவி சிரிக்கவில்லை.
இடது செருப்பைக் கழற்றினாள்.
பாதத்தைத் தூக்கி என் படகின் விளிம்பில் வைத்தாள்,
படகு சாய்ந்தது, நான் டப்பாவைப் பிடித்தேன்,
குடை ஏரிக்குள் போனது. போகட்டும்.

விரலைப் பதிவுசெய்யும் இடத்துக்கு மட்டும்
பழைய எண்ணை விட்டுவைத்திருந்தார்கள்.
அது அவளுக்கு மறந்திருந்தது.
எனக்கு மறக்கவில்லை.
பெருவிரலை என் துணியில் துடைத்து
அழுத்து. தூக்கு. கொஞ்சம் சாய். அழுத்து.
செருப்புக்குள் வாழ்ந்த அந்த விரலில்
ஒரு கோடு அழியாமல் இருந்தது,
சுழிமேல் சுழியாக.

வட்டம் பச்சையானது.
"நல்வரவு, அக்குவாவி" என்றது திரை
ஒரு கால்விரலைப் பார்த்து.

நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக்கொண்டு
செருப்பை மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியுமுன் ஆறு பேர்,
எல்லோரும் மீன் சுடும் பெண்கள், கால் கழுவிக்கொண்டு.
ஒருத்தி நகத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தாள்.

சாயங்காலம் கணக்கு அனுப்பவேண்டும்.
எந்த விரல் என்று கேட்கிறது படிவம்,
பத்துப் பெயர்தான் தருகிறது.
ஏழு பேருக்கும்
வலது மோதிரவிரல் என்று போட்டுவைத்தேன்.