பன்னிரண்டு ரூபாய்

சனிக்கிழமை சம்பளத்தில்
எப்போதும் பன்னிரண்டு ரூபாய் குறையும்.
ஆறு நாள் கூலி, ஜீப் வாடகை போக
கைக்கு வரவேண்டியது எவ்வளவென்று
எனக்கும் தெரியும், விருமாயிக்கும் தெரியும்.
மூன்று வருடமாய் நான் கேட்டதில்லை.

நல்ல மனசென்று நினைத்துவிட வேண்டாம்.
முதல் மாதம் சந்தேகப்பட்டேன்.
லோயர் கேம்பில் பஞ்சர் ஒட்டுகிறவன்,
டியூபைத் தண்ணீரில் முக்கி
குமிழ் வரும் இடம் தேடுவது என் பிழைப்பு.
அவள் குளிக்கப் போன நேரம்
பையைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
தூக்குச்சட்டி. மழைக்குப் போர்த்தும் கொங்காணி.
ஏலக்காய்க் கறை ஏறிய துண்டு.
அடியில் நாலாய் மடித்த மலையாளத் தாள்,
எண்ணெய் குடித்துக் குடித்து
அந்தப்பக்கம் தெரிகிற மாதிரி ஆகியிருந்தது.
அவ்வளவுதான்.

காற்றுப் பிடிக்க வந்த ஜீப் ஒச்சப்பன்
கேட்காமலே சொன்னான்:
"குமுளியில வண்டி பத்து நிமிசம் நிக்கும்ல.
எல்லாரும் டீ குடிப்பாக.
மதினி மட்டும் தங்கச்சன் கடைக்குப் பின்னால போயி
சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டு
ஒரு வாழப்பழ பஜ்ஜி திங்கும்.
அந்நேரம் கூப்பிட்டாலும் திரும்பாது."

வீட்டில் முட்டை மூன்று அவித்தால்
எனக்கொன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று,
அவளுக்குக் குழம்பு.
தோசையில் பிய்ந்தது, பூரியில் உப்பாதது,
மிக்சர் பொட்டலத்தில் கடைசித் தூள்.
நாங்கள் யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை.
போடாத சட்டம்தான் தப்பாமல் நடக்கிறது.
மலைக்கு மேலே, சுவருக்கு எதிரே
ஒன்று முழுசாய் அவளுக்கு இருக்கிறது.
சூடாக.
இருக்கட்டும் என்று விட்டேன்.

போன ஆடியில் பையில் தாளில்லை.
அடுத்த சனியும் இல்லை.
சம்பளம் குறையாமல் முழுசாய் வந்தது,
எனக்குச் சோறு இறங்கவில்லை.
ஒச்சப்பனிடம் சுற்றிவளைத்து விசாரித்தேன்.
எண்ணெய் விலை ஏறிப்போச்சாம்,
தங்கச்சன் பதினைந்து ஆக்கிவிட்டானாம்.

மூன்று ரூபாய்.
அதை வீட்டுக் காசில் கூட எடுக்க
அவளுக்குக் கை வரவில்லை.
பன்னிரண்டு என்று யாரிடம் பேசி முடித்தாளோ
அந்தப் பேச்சில் நின்றாள்.

வெள்ளி இரவு கொங்காணி மடிப்புக்குள்
ஓர் ஐந்து ரூபாய்க் காசைப் போட்டேன்,
எப்போதோ விழுந்து கிடந்த மாதிரி.
சனிக்கிழமை தாள் வந்தது.
ஞாயிறு காலை, சாமி படத்துக்குக் கீழே
இரண்டு ரூபாய் இருந்தது.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரமும் ஐந்து போட்டேன்,
அடுத்த வாரமும் இரண்டு திரும்பியது.
வேறு தம்பதிகள் இந்நேரம்
பூ வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

தை மாதம் எனக்குக் காய்ச்சல்.
கடை பூட்டி நாலு நாள் படுக்கை.
சனிக்கிழமை அவள் வந்து
தலைமாட்டில் ஒரு பொட்டலம் வைத்தாள்.
மலை இறங்கி ஆறிப்போயிருந்தது,
மாவு துவண்டு, பழம் வெளியே பிதுங்கி.

"ஒச்சப்பன் வாங்கிக் குடுத்தான்" என்றாள்.
பொய்.
"இது என்னது?" என்றேன்.
அதுவும் பொய்.
பாதி பிய்த்து நீட்டினால்
"எனக்கு இனிப்பே ஆகாது" என்கிறாள்,
நகக்கண்ணில் ஏலக்காய்ப் பிசினோடு.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
முழுசும் தின்றேன்.

தாளை எறியவில்லை.
சொல்யூசன் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
வண்டிப்பெரியாற்றுக்காரர் ஒருவர்
டயர் மாற்ற நின்றபோது நீட்டிப் படிக்கச் சொன்னேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
ஏதோ நல்ல வார்த்தை வருமென்று
ஏன் எதிர்பார்த்தேனோ.
"கோட்டயத்தில் அன்றைக்கு ரப்பர் விலை" என்றார்.

ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா
என்று கேட்க மறந்துவிட்டேன்.