போக வர

கிளிநொச்சிக் கூட்டுறவு மண்டபத்தில்
மூன்று நாள் ஆய்வுப் பட்டறை.
பதாகையில் சிங்களத்தில் ஒரு பிழை,
தமிழில் இரண்டு.
ஒரு மின்விசிறி சுற்றுகிறது, மற்றது
அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ப்ராக் நகரத்துப் பேராசிரியர் யான் பேசுகிறார்,
அறிஞர்கள் நாடு விட்டு நாடு போய்வருவதைப் பற்றி.
நான் மொழிபெயர்ப்பு.
நாளுக்கு நாலாயிரம், மத்தியானச் சோறு வேறு.
அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லுக்கு
வாய் தன்பாட்டில் ‘இடப்பெயர்வு’ என்றது.
பின்வரிசை முழுக்க நிமிர்ந்தது.

ஒட்டுசுட்டான் யோகறஞ்சினி கையை உயர்த்தினா.
“ஐயா எத்தினை தரம் இடம்பெயர்ந்தவர்?”

கேட்டதை அப்படியே கொடுத்தேன்.
அவர் விரல் மடித்தார்:
பெர்லின், அங்காரா, பிறகு
இரண்டு வருசம் டொரன்டோ...
“ஐந்து” என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

“பாவம்” என்றா யோகறஞ்சினி.
“பிள்ளையளையும் தூக்கிக்கொண்டோ?”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
தேநீர் இடைவேளை என்று அறிவித்தேன்.

ரோல்சுக்குள் கிழங்கு கொதித்தது.
என் கைப்பையில் நாலாய் மடித்த கடிதம்.
வவுனிக்குளத்து வாய்க்கால் பதிவேடுகள் பற்றிய
என் கட்டுரையை அவர்களே தெரிந்தெடுத்தார்கள்,
விமானச் சீட்டும் அவர்களே போட்டார்கள்.
விசா அலுவலகம் காணி உறுதி கேட்டது.
எங்களுடையது பேமிற் காணி. பேமிற்
சுதந்திரபுரத்தில் விட்ட சூட்கேசுக்குள்.
வங்கிக் கணக்கு கேட்டது. காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாது.

“என்ன பிள்ளை எழுதியிருக்கிறாங்கள்?”
“நான் போனால் திரும்பி வரமாட்டனாம்.
நம்புறதுக்குச் சான்று காணாதாம்.”

அவ சிரித்த சிரிப்பில்
பிளேன்ரீ தட்டத்தில் கொட்டுண்டது.

முகாமிலிருந்து நாங்கள் திரும்பிய அன்று
வளவில் கூரை இல்லை.
கிணறு இருந்தது.
கிணற்றுக்குள் யாருடையதோ சைக்கிள் இருந்தது.
அதை இழுத்தெடுத்து, நாலு தரம் இறைத்து,
ஐந்தாம் நாள் அந்தத் தண்ணீரில் உலை வைத்தோம்.
இதை எந்தப் படிவத்தில்,
எத்தனையாம் கட்டத்தில் எழுதுவது?

பின்னேர அமர்வில் ‘நகர்வு’ என்றே சொன்னேன்.
நல்ல சொல். ஒருவரும் நிமிரவில்லை.
பேராசிரியர் மட்டும் ஒருதரம் என்னைப் பார்த்தார்,
ஏதோ குறைகிறது என்பது போல.

நாலு மணிக்குப் பயணப்படி.
பற்றுச்சீட்டு வேண்டும் என்றார் கணக்காளர்.
மாங்குளத்தில் மாறி ஏறிய மினிபஸ்
சீட்டுக் கொடுக்கிறதில்லை.
யோகறஞ்சினி என்னைப் பார்த்தா.

கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன்.
ஒட்டுசுட்டான் – கிளிநொச்சி,
போக முந்நூற்றிருபது, வர முந்நூற்றிருபது.
இவர் இன்று வந்தார்,
இன்றே திரும்பிப் போவார் என
நான் அறிவேன் என்று எழுதி
கீழே கையொப்பம் வைத்தேன்.

கணக்காளர் வாசித்தார்.
தலையாட்டி, காசை எண்ணினார்.