இரண்டு மில்லி விநாடி

காலை எட்டுக்குத் தண்ணீர் விடத் தொடங்குவோம்.
நூறு மீட்டர் தொட்டி, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
நடுவில் ஒற்றைத் தூண்.
அதன் தலைமேல் கூரை இல்லை, வீடு இல்லை.
அடி வாங்குவதற்கென்றே கட்டப்பட்டது.

கட்டையைப் பிடித்திருப்பது என் வேலை.
நான்கு மீட்டர் பைன், பட்டை உரித்தது,
இரு முனையிலும் மஞ்சள் பெயின்ட்.
மேடையிலிருந்து அமாந்தினா கையைத் தாழ்த்தினால்
கொக்கியை விடுவேன்.
அலை வந்து வாங்கிக்கொள்ளும்.

எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும்
தொடுகிற கணம் மட்டும் கண்ணுக்குச் சிக்காது.
டக்.
பக்கத்து அறையில் யாரோ தாழ்ப்பாள் நீக்கியதுபோல.
திரையில் ஒரு கோடு ஊசியாய் எழுந்து விழும்.
இரண்டு மில்லி விநாடி.
ஒரு இமைப்புக்குள் நூறு அடி அடித்துவிடலாம்.

குறுக்கே வரும் கட்டை அத்தனை ஆபத்தில்லை என்பாள்.
நடுவில் வளையும், ஒரு முனை முந்தும்,
சுழன்று நழுவிப் போய்விடும்.
தலை நேராக வருவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நீள மரம்தான் ஓங்கி அடிக்கும்
என்று பந்தயம் கட்டினேன், ஒரு புட்டி ஆப்பிள் சிச்சாவுக்கு.
அவள் வாதாடவில்லை. ரம்பத்தை நீட்டினாள்.
சரிபாதியாக அறுத்தோம்.
அதே வேகம், அதே தூண்.
ஊசி அதே உயரத்துக்கு எழுந்தது,
மயிரளவும் குறையாமல்.
அகலம் மட்டும் பாதி.

பட்ட சேதி மரத்துக்குள் ஓடி
வால் முனையைத் தொட்டுத் திரும்பும்வரை
மரம் தூணை விடாதாம்.
நீண்ட மரத்தில் சேதி திரும்ப நேரமாகும்.
பலம் கூடுவதில்லை,
பிடிவாதம்தான் கூடுகிறது.

சிச்சாவை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் நான் சொல்லாதது:
இங்கே வருமுன் பதினோரு வருடம்
புன்டா கெலெனில், ஆறு கடலில் சேருமிடத்தில்,
மர ஆலையின் முற்றத்தில் கட்டை அடுக்கினேன்.
அடுக்கிய ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும்
சிவப்பு மெழுகால் ஒரு வட்டம், உள்ளே ஏழு.
ஏழு என் வரிசை எண்.
கூலி அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

கடல் ஏறிய இரவில் நாங்கள் குன்றின்மேல் இருந்தோம்.
இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.
கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும்,
ஊரே மேசை நாற்காலியை நகர்த்துவதுபோல.

விடிந்ததும் இறங்கிப் போனேன்.
மீன் சந்தைக்கு ஒன்பது தூண்கள் இருந்தன.
ஐந்து நின்றன.
எதெல்மிராவின் கடை இருந்த மூலையில்
கான்கிரீட் உதிர்ந்து கம்பிகள் வெளியே.
அவற்றுக்குள் செருகி நின்றது ஒரு கட்டை.
அதன் முகத்தில் வட்டம்.
தலைகீழாக ஏழு.

எதெல்மிரா பிழைத்தாள். அவள் தராசு கிடைக்கவில்லை.
நான் மண்ணெண்ணெய்த் துணியால்
அந்தச் சிவப்பைத் தேய்த்தேன்.
யாரும் கேட்கவில்லை.
கேட்பதற்கு என்ன இருக்கிறது,
கட்டையை அனுப்பியது நானில்லையே.

இன்றைக்கு வேறு சோதனை.
ஒரு கட்டையல்ல, கண்டதையெல்லாம் விடச் சொன்னாள்:
முறிந்த பலகை, வலை, கதவு,
பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, கொஞ்சம் பாசி.
எதுவும் அடிக்கவில்லை.
ஒன்றன்பின் ஒன்றாய் வந்து
தூணின் மார்பில் சாய்ந்து நின்றன.
பின்னால் வந்த நீருக்கு வழியில்லை.
திரையில் ஊசி எழவில்லை;
கோடு மெல்ல ஏறியது,
ஏறியது, இறங்கவே இல்லை.

இருநூற்றுப் பதினான்கு அடி வாங்கிய தூண்
சத்தமில்லாமல் சாய்ந்தது.

எராக்லியோ படிவத்தை நீட்டினான்.
மூன்றாவது வரியில் ஒரு கட்டம்:
மிதவைப் பொருளின் அடையாளம்.
ஒரு வட்டம் போட்டேன்.
பேனா அதற்குள்ளேயே நின்றது.

தண்ணீரை இறக்கலாமா, என்று
மேலிருந்து குரல் கேட்டது.